ஒரு லிட்டர் தண்ணீர்... ஐந்நூறு வாட் சூடு!

வெயில் காயும் தாம்பரத்தில், படிப்படியாக வளரும் தண்ணீர்க் கணினிகள்

சித்திரை பிறந்துவிட்டால் சேலையூரிலும் செம்பாக்கத்திலும் மொட்டை மாடி அறையில் குடியிருப்பவர்களுக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும். பகல் முழுக்க வெயில் வாங்கிய கான்கிரீட் கூரை, பொழுது சாய்ந்த பிறகுதான் அதைக் கீழே இறக்க ஆரம்பிக்கும். 2003 மே மாதத்தில் சென்னையின் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டது. அந்த அளவு அபூர்வம். ஆனால் 38, 39 டிகிரி இந்தப் பக்கத்துக் கோடைக்கு வழக்கமான கணக்குதான். அப்படிப்பட்ட அறையில்தான், மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் கேபினட்டுக்குள், ஏறக்குறைய ஒரு சதுர அங்குல சிலிக்கான் சில்லு 300 வாட் மின்சாரத்தை வாங்கி அத்தனையையும் சூடாக மாற்றிக்கொண்டிருக்கிறது.

கேம் ஆடுகிறவர்களுக்கு விளைவு உடனே தெரியும். அந்தச் சில்லைத் தாங்கிய கிராபிக்ஸ் கார்டு சூடேறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. திரை தடுமாறுகிறது. ஃபேன்கள் ஊளையிடுகின்றன. டிசம்பரில் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே கேம், மே மாதத்தில் திக்கித் திணறுகிறது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி நீளும் இந்தப் புறநகர், படிக்கிற பிள்ளைகளும் கணினி வேலைக்காரர்களும் நிறைந்த பூமி. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியது. மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் 1980-களில் வந்தது. ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடிய தலைமுறை, இன்று சம்பளம் வாங்குகிறது. தனக்கென்று ஒரு சிஸ்டத்தைத் தானே பார்த்துப் பார்த்துச் சேர்க்கிறது. அந்த ஆசையின் உச்சிதான் 'கஸ்டம் லூப்' எனப்படும் தண்ணீர்க் குளிர்விப்பு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பல வருடங்களாக ஒரே கணினியை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நல்ல கணினியை ஒரே நாளில் வாங்காதீர்கள். வளருங்கள். அதிலும் வெயிலூரில் வளர்ப்பதென்றால், சூட்டைப் புரிந்துகொண்டு வளருங்கள்.

சூட்டின் கணக்கு

2016-ல் வெளிவந்து நம் ஊரில் சக்கைப்போடு போட்ட ஜிடிஎக்ஸ் 1060 கார்டு 120 வாட்டில் ஓடியது. 2020-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3080, 320 வாட் கேட்டது. 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090 வந்தபோது 450 வாட். 2025 தொடக்கத்தில் வந்த 5090-க்கு 575 வாட். ஒன்பது ஆண்டுகளில் உச்சக் கார்டுகள் எங்கே போய் நிற்கின்றன என்று பாருங்கள்.

கணினிக்குள் போகும் மின்சாரம் வேறு எங்கும் போவதில்லை. மிக்ஸியாவது சட்னி அரைக்கிறது. கணினி செய்யும் வேலைக்கு எடையோ அசைவோ கிடையாது. பெரிய கார்டும் ப்ராசஸரும் சேர்ந்து 500 வாட் வாங்கினால், அந்த 500 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். அதை ஏர் கூலர் வெளியேற்றினாலும் சரி, தண்ணீர் வெளியேற்றினாலும் சரி, வந்து சேருவது உங்கள் அறைக்குத்தான். ஒரு டன் ஏ.சி. சுமார் 3,500 வாட் சூட்டை வெளியே தள்ளக்கூடியது. அதில் ஏழில் ஒரு பங்கை இந்த ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடும்.

மின்கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். 500 வாட், தினம் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு யூனிட். இரண்டு மாத ரீடிங்குக்கு 120 யூனிட். கோடையில் ஏ.சி.யும் ஓடும் வீட்டில் இந்த 120 யூனிட்தான் கணக்கை அடுத்த ஸ்லாபுக்கு ஏற்றிவிடும்.

தண்ணீர் சுமக்கிறது

தண்ணீர் ஊற்றினால் கணினி ஜில்லென்று ஆகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தண்ணீர் குளிர்விப்பதில்லை, சுமக்கிறது. சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் செம்பு பிளாக்கில் சூட்டை ஏற்றிக்கொண்டு, ரேடியேட்டரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பவும் வருகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தச் சுமக்கும் வேலைக்கு அதை மிஞ்ச ஆளில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4,180 ஜூல் வேண்டும். அதே கன அளவு காற்று தாங்குவதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல் இது. நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடும் லூப்பில் 500 வாட் சூட்டை ஏற்றினால், பிளாக்குக்குள் நுழையும் தண்ணீருக்கும் வெளியேறும் தண்ணீருக்கும் இடையே இரண்டரை டிகிரிதான் வித்தியாசம் வரும். அதனால்தான் 'முதலில் ப்ராசஸரா, கிராபிக்ஸ் கார்டா, குழாயை எந்த வரிசையில் விடுவது?' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஓட்டம் நிலைபெற்ற பிறகு லூப் முழுக்க ஏறக்குறைய ஒரே சூடுதான்.

இப்போது ரேடியேட்டரை எடுத்துவிட்டு யோசியுங்கள். லூப்பில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் எட்டரை வினாடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறும். 35 டிகிரியில் தொடங்கினால் ஐந்தே நிமிடத்தில் 70 டிகிரி. ஆகவே சூட்டை வெளியேற்றும் உண்மையான உழைப்பாளி ரேடியேட்டரும் அதன் ஃபேன்களும்தான். கண்ணைப் பறிக்கும் வண்ணக் குழாய்களில் பணத்தைப் போட்டுவிட்டு, ரேடியேட்டரில் கஞ்சத்தனம் செய்தால் கணினி உங்களை மன்னிக்காது. 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர் பரப்புக்கு சுமார் 100 வாட் என்று வைத்துக்கொள்வது அனுபவக் கணக்கு. சத்தமில்லாமல் ஓட வேண்டுமானால் அதற்கும் மேலேயே போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ரேடியேட்டர் அறைக் காற்றைக் கொண்டுதான் தண்ணீரை ஆற்றுகிறது. ஆகவே தண்ணீர் ஒருபோதும் அறையை விடக் குளிராகாது. அறை 34 டிகிரி என்றால் தண்ணீர் 44, கார்டு 56 என்று நிற்கும். ஏர் கூலரில் 80-ஐத் தாண்டித் தத்தளித்த அதே கார்டு! ஐஸ் போட்டு இதையும் குறைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. சென்னையில் அது ஆபத்து. நம் காற்றில் ஈரம் அதிகம். கோடையிலும் மழைக்காலத்திலும் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேலும் நீர் படியக்கூடும். ஐஸ் வாட்டர் டம்ளருக்கு வெளியே துளிர்ப்பது, உங்கள் மதர்போர்டின் மேலும் துளிர்க்கும்.

கம்பி விட்டுக் கட்டிய வீடு

ராஜகீழ்ப்பாக்கத்திலோ முடிச்சூரிலோ எந்தத் தெருவில் நடந்தாலும், மொட்டை மாடித் தூண்களின் உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். இப்போதைக்குத் தரைத்தளம், பிள்ளை வேலைக்குப் போனதும் முதல் மாடி, பெண் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாவது. இருக்கிற பணத்துக்குக் கட்டுகிறார்கள். ஆனால் அஸ்திவாரத்தை மட்டும் மூன்று மாடிக்குப் போடுகிறார்கள். கணினியையும் அப்படித்தான் கட்ட வேண்டும்.

எது அஸ்திவாரம்? கேபினட், எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு. முன்னாலும் மேலேயும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உட்காரக்கூடிய கேபினட்டை முதலிலேயே வாங்கிவிட்டால், லூப் கட்டப் பல வருடம் ஆனாலும் இடம் காத்திருக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-களுக்கு இப்போது பத்து வருட வாரண்டி தருகிறார்கள். 550 வாட்டில் இன்று மிச்சம் பிடித்துவிட்டு, நாளைக்குப் பெரிய கார்டு வாங்கும்போது தூக்கிப் போடுவதை விட, 850 வாட்டை ஒரே முறை வாங்குவது லாபம்.

மதர்போர்டில் நம் காலத்தின் ஆகச் சிறந்த உதாரணம் ஏஎம்டி நிறுவனத்தின் 'ஏஎம்4' சாக்கெட். முதல் ரைசன் ப்ராசஸர்கள் 2017 மார்ச்சில் அதில் வந்தன. 2020 மே முதல் வாரத்தில், அடுத்து வரும் 5000 வரிசையைப் பழைய 400 வரிசை போர்டுகளில் போட முடியாது என்று ஏஎம்டி அறிவித்தது. உலகமெங்கும் வாடிக்கையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். இரண்டே வாரத்தில் நிறுவனம் இறங்கி வந்தது. அந்த எதிர்ப்பின் பலனை நான் அனுபவிக்கிறேன். ரைசன் 5 2600 ப்ராசஸரோடு நான் வாங்கிய பி450 போர்டில், பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு, 2024-ல் வந்த 5700எக்ஸ்3டி ப்ராசஸரைப் போட்டேன். போர்டு அதே, ரேம் அதே, கேபினட் அதே. கேமில் கிடைத்த வேகம் மட்டும் புதுசு. அடுத்த வரிசையான ஏஎம்5 சாக்கெட்டுக்கும் 2027-ஐத் தாண்டி ஆதரவு உண்டு என்று நிறுவனம் உறுதி சொல்லியிருக்கிறது.

தண்ணீர்ப் பொருள்களிலும் இதே பாகுபாடு உண்டு. ரேடியேட்டர், பம்ப், ஃபிட்டிங், நீர்த்தொட்டி இவையெல்லாம் கணினி மாறினாலும் கூடவே வரும். ஃபிட்டிங்குகளின் மரை உலகம் முழுக்க ஒரே அளவு என்பதால் எந்த நாட்டு பிளாக்கும் எந்த நாட்டு ரேடியேட்டரோடும் சேரும். ப்ராசஸர் பிளாக்கும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். ஏஎம்4-ல் மாட்டியதை ஏஎம்5-லும் மாட்டலாம். கிராபிக்ஸ் கார்டு பிளாக் மட்டும்தான் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் செதுக்கப்படுவது. கார்டு போனால் அதுவும் போச்சு. எனவே அடிக்கடி கார்டு மாற்றுகிறவர்கள், கார்டைக் காற்றிலேயே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு டிக்கெட்

1931-லேயே மின்ரயில் ஓட ஆரம்பித்த கடற்கரை - தாம்பரம் தடம்தான் இன்றைக்கும் எங்கள் உயிர்நாடி. தாம்பரத்தில் ஏறி, கிண்டியில் மெட்ரோ மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி ஸ்ட்ரீட் நடக்கிற தூரம்தான். அண்ணா சாலையின் முதுகில், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி, நரசிங்கபுரம் தெருவோடு பின்னிக்கிடக்கும் இந்த மார்க்கெட், ரேடியோ உதிரிப்பாகக் காலத்திலிருந்து வளர்ந்தது. ஆன்லைனில் எதுவும் கிடைக்கும் இந்தக் காலத்திலும், பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்து வாங்க இதற்கு ஈடில்லை.

முக்கியமாக செகண்ட் ஹேண்ட். 2020 முதல் 2022 வரை கிரிப்டோ மைனிங்குக்காக கார்டுகளை வாரிக்கொண்டு போனார்கள். விலை இரட்டிப்பானது. சாதாரணப் பிள்ளைக்குக் கார்டே கிடைக்கவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கையே கைவிட்டது. அன்றிலிருந்து மைனிங்கில் ஓடிய கார்டுகள் சந்தைக்குக் கொட்ட ஆரம்பித்தன. என்னுடைய 3080 அப்படி வந்ததுதான்.

"அண்ணே, இது மைனிங்ல ஓடின கார்டா?"

"ஓடலன்னு நான் சொன்னா நீ நம்பவா போற தம்பி? சிஸ்டத்துல போட்டுத் தர்றேன். அரை மணி நேரம் முழு லோடுல ஓட்டிப் பாரு. பிடிச்சா பேசலாம்."

நேர்மையான கடைக்காரர் சொல்லும் பதில் இது. அந்த அரை மணி நேரம்தான் உங்கள் பரிசோதனைக் கூடம். கார்டின் சராசரி வெப்பத்துக்கும், அதன் மிகச் சூடான புள்ளிக்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். 15 டிகிரிக்குள் என்றால் நிம்மதி. 25-ஐத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது என்று பொருள். கார்டு செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் விலை பேச உங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. சீரியல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த பிராண்டின் தளத்தில் வாரண்டி மிச்சம் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

லூப் சாமான்கள் ரிச்சியின் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. பம்பும் பிளாக்கும் பெரும்பாலும் வெளியூர்க் கடைகளிலிருந்து கூரியரில்தான் வந்தாக வேண்டும். ஜெர்மனியின் ஆல்ஃபாகூல், சீனாவின் பேரோ, பைக்ஸ்கி என்று பல விலைகளில் பல தரங்கள். நினைவில் வையுங்கள்: விலை எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும் என்ற பழைய நம்பிக்கை உடைந்துவிட்டது. ஏ.ஐ. சர்வர்களின் பசியால் 2025 கடைசியில் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் தன் 'க்ரூஷியல்' என்ற நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இருக்கிற ரேமைப் பத்திரப்படுத்தி அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும் நம் பழக்கத்துக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

லூப் கட்டும் நாள்

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ஒரு முழு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். புதிய ரேடியேட்டருக்குள் தயாரிப்பின்போது தங்கிய எண்ணெய்ப் பிசுக்கும் துகள்களும் இருக்கும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கி, வெள்ளைத் துணியின் மேல் கொட்டிப் பாருங்கள். முதல் தடவை கறுப்புப் பொடி விழும். துணி சுத்தமாக இருக்கும்வரை விடக் கூடாது. இந்தப் பொடிதான் பின்னால் பிளாக்கின் மயிரிழை போன்ற செம்புப் பள்ளங்களில் போய் அடைத்துக்கொள்ளும்.

முதல் லூப்புக்கு வளையும் குழாயே போதும். கடினக் குழாய் அழகுதான். ஆனால் பெட்ஜி வகைக் குழாய் சூட்டில் இளகும் குணம் உடையது. பம்ப் நின்றுபோய்த் தண்ணீர் கொதித்தால் மூட்டு நழுவிவிடும். நம் ஊர்க் கோடைக்கு அக்ரிலிக் அல்லது ரப்பர் குழாய் நம்பகமானது. லூப்பின் அடிமட்டத்தில் ஒரு வடிகால் வால்வை மறக்காமல் வையுங்கள். வருடா வருடம் தண்ணீர் மாற்றும்போது அதை வைத்தவரை நீங்களே வாழ்த்துவீர்கள்.

பிறகுதான் அசல் கட்டம். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் எல்லா மின்வயர்களையும் கழற்றிவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் 24 பின் கனெக்டரில் ஆன் சிக்னலுக்கான பின்னையும் ஒரு கிரவுண்டு பின்னையும் இணைக்கும் ஜம்பரைச் செருகினால், பம்ப் மட்டும் ஓடும். நீர்த்தொட்டியில் கொஞ்சம் ஊற்றுவது, பம்பை ஒரு நொடி ஓடவிடுவது, தொட்டி வற்றுவதற்குள் நிறுத்துவது, மறுபடி ஊற்றுவது. பம்ப் வறண்டு ஓடினால் அதன் ஆயுள் குறையும். தண்ணீர் மெல்ல மெல்லக் குழாயில் ஏறி, கார்டைத் தாண்டி, ரேடியேட்டருக்குள் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு நுழையும். கேபினட்டை இரண்டு பேர் பிடித்து இப்படியும் அப்படியும் சாய்த்தால், ஒளிந்திருந்த காற்றுக் குமிழிகள் கூட்டமாக வெளியே வந்து தொட்டியில் வெடிக்கும். சத்தம் அடங்கி, பம்பின் மெல்லிய முனகல் மட்டும் மிஞ்சும்போது லூப் நிரம்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து 24 மணி நேரம் அப்படியே ஓட விட வேண்டும். ஒரு துளி கசிந்தாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும். காற்றழுத்தச் சோதனைக் கருவி கிடைத்தால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே அரை பார் அழுத்தத்தில் சோதித்துவிடுவது இன்னும் நல்லது. எங்கள் வீட்டில் இந்த வேலை நடந்தபோது அந்தப் பக்கம் வந்த அம்மா, "தண்ணியையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வைக்கிறியேடா, இது தேவையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த 24 மணி நேரச் சோதனைதான் அதற்கான பதில்.

எந்தத் தண்ணீர்?

தாம்பரம் பக்கத்து போர் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைத்தால், காய்ந்த பிறகு வெள்ளைப் படலம் தெரியும். குழாய்களிலும் ஹீட்டர்களிலும் உப்பு கட்டுவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரை லூப்புக்குக் காட்டவே கூடாது. கேன் தண்ணீரும் ஆர்.ஓ. தண்ணீரும் கூடாது, அவற்றிலும் கரைந்த உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் நல்ல டிஸ்டில்டு வாட்டரோ, லூப்புக்கென்றே விற்கும் கூலன்ட்டோதான் வேண்டும். வெறும் டிஸ்டில்டு வாட்டர் என்றால் பாசி பிடிக்காமலிருக்க மருந்தும், உலோகம் அரிக்காமலிருக்க மருந்தும் சேர்க்க வேண்டும்.

சுத்தமான டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது என்பது உண்மை. அதை நம்பிக் கசிவை அலட்சியம் செய்யாதீர்கள். செம்பையும் நிக்கலையும் தழுவிக்கொண்டு ஓடும் தண்ணீர் நாளடைவில் அயனிகளைச் சேர்த்துக்கொள்ளும். போர்டின் மேல் விழும்போது அங்குள்ள தூசியையும் கரைத்துக்கொள்ளும்.

அதைவிட முக்கியமானது உலோகக் கலப்பு. செம்பு பிளாக்கையும் அலுமினிய ரேடியேட்டரையும் ஒரே லூப்பில் சேர்த்தால், தண்ணீர் அவற்றுக்கிடையே ஒரு பேட்டரியாகவே மாறி அலுமினியத்தைத் தின்ன ஆரம்பிக்கும். விலை மலிவு என்று அலுமினிய ரேடியேட்டரை வாங்கி, கொஞ்ச நாளில் சேறு போன்ற தண்ணீரைப் பார்த்து நொந்தவர்கள் உண்டு. செம்பு, பித்தளை, நிக்கல் மூன்றோடு நின்றுகொள்ளுங்கள்.

ஏரிகள் வற்றிய 2019 கோடையை மறக்காத ஊர் இது. தண்ணீரை வீணாக்குகிறீர்களா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: லூப் மூடிய சுற்று. ஒரு லிட்டர் ஊற்றினால் வருடம் முழுக்க அதே ஒரு லிட்டர்தான்.

கீழே வெள்ளம், மேலே வெயில்

2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி அதே பாடத்தை நடத்தியது. தரைத்தளத்தில் தரையில் வைத்த கணினிகள் அந்த நாள்களில் சாக்கடைத் தண்ணீர் குடித்தன. ஆகவே கனமான லூப் கேபினட்டை வைக்குமுன் தெருவின் வெள்ள உயரத்தை விசாரியுங்கள். தரைத்தளம் என்றால் மேசை மேல். மொட்டை மாடி அறை என்றால் கூரைக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சும், ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும். அந்த ஃபேன் உங்கள் லூப்பின் கடைசி அங்கம். சூட்டை அறையை விட்டு அனுப்புவது அதுதான்.

கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதும் மழையில் கரண்ட் போவதும் நமக்குப் பழக்கம். வீட்டில் இருக்கும் பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.-கள் சரியாக ஓடுவதில்லை. 'ப்யூர் சைன் வேவ்' யு.பி.எஸ். வேண்டும். எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும் வீடுகள் இங்கே நிறைய. ஜி.எஸ்.டி. ரோட்டுப் புழுதிக்கு, ரேடியேட்டருக்கு முன்னால் தூசி வலை கட்டாயம். மாதம் ஒருமுறை அதைத் தட்டிக் கழுவினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

இவ்வளவும் தேவைதானா?

மனசாட்சியோடு சொல்ல வேண்டிய இடம் இது. பெரும்பாலோருக்குத் தேவையில்லை. 65 வாட், 105 வாட் ப்ராசஸர்களுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் ஏர் கூலரே போதும். இன்னும் வேண்டுமென்றால் சீல் செய்து வரும் ஏ.ஐ.ஓ. கூலர் இருக்கிறது. ப்ராசஸரையும் கார்டையும் சேர்த்த முழு லூப்புக்கு, நல்ல பொருள்களாக வாங்கினால் ஐம்பதாயிரம் ரூபாய் சுலபமாகக் கரைந்துவிடும். அந்தப் பணத்தைக் கார்டில் போட்டால் கேம் அதைவிட வேகமாக ஓடும்.

காசே செலவில்லாத குளிர்விப்பு ஒன்றும் உண்டு. கார்டின் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். வேகத்தில் சில சதவீதம்தான் குறையும். சூடும் சத்தமும் கரண்ட் பில்லும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கும். மே மாதம் பிறந்ததும் நான் முதலில் செய்வது இதைத்தான்.

பிறகு யாருக்கு லூப்? பெரிய கார்டை வைத்துக்கொண்டு பல மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்கு. வீடியோ எடிட்டிங், 3டி ரெண்டரிங் செய்து பிழைப்பவர்களுக்கு. சத்தமில்லாத அறை வேண்டுகிறவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு.

எந்த வரிசையில் செலவழிக்கலாம்?

* முதலில்: காற்றோட்டமான பெரிய கேபினட், 850 வாட் எஸ்.எம்.பி.எஸ்., நீண்ட ஆதரவுள்ள சாக்கெட்டில் மதர்போர்டு, சாதாரண ப்ராசஸர், ஏர் கூலர்.
* அடுத்து: பட்ஜெட்டில் முடிந்த நல்ல கிராபிக்ஸ் கார்டு. செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பில்லோடு.
* மூன்றாவது: ப்யூர் சைன் வேவ் யு.பி.எஸ்., தூசி வலை, அறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன்.
* நான்காவது: அதே சாக்கெட்டின் கடைசி, சிறந்த ப்ராசஸர். பழையதை விற்றுவிடுங்கள்.
* ஐந்தாவது: பம்ப், நீர்த்தொட்டி, 360 மில்லிமீட்டர் செம்பு ரேடியேட்டர், ப்ராசஸர் பிளாக்.
* கடைசியாக: இனி சில வருடம் இதுதான் என்று முடிவான கார்டுக்கு பிளாக், இரண்டாவது ரேடியேட்டர்.

பொழுதுபோக்கு அல்ல, தொழில்

தண்ணீரால் கணினியை ஆற்றுவது புது விஷயமில்லை. 1980-ல் ஐபிஎம் அறிவித்த 3081 பெருங்கணினி தண்ணீரில்தான் ஓடியது. 1985-ன் க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் சர்க்யூட்டுகளை மின்கடத்தாத திரவத்திலேயே முக்கி வைத்தார்கள். பிறகு சில்லுகள் குளிர்ந்தன, காற்றே போதுமென்றானது. 2000-களின் தொடக்கத்தில் வீட்டுக்காரர்கள் கார் ஹீட்டரின் ரேடியேட்டரையும் மீன் தொட்டி பம்பையும் வைத்துத் தாங்களாகவே லூப் கட்டி, அந்த வித்தையை உயிரோடு வைத்திருந்தார்கள்.

இப்போது சக்கரம் திரும்பிவிட்டது. என்விடியா 2024-ல் அறிவித்த ஏ.ஐ. சர்வர் அலமாரி ஒன்றில் 72 சில்லுகள், ஏறத்தாழ 120 கிலோவாட் சூடு. அதைக் காற்றால் ஆற்ற வழியே இல்லை. குளிர் தட்டு, பம்ப், குழாய், கூலன்ட், கசிவுச் சோதனை என்று நாம் மேசையில் செய்யும் அத்தனையும் அங்கே பெரிய அளவில் நடக்கிறது. தாம்பரத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஓ.எம்.ஆரிலும் சிறுசேரியிலும் டேட்டா சென்டர்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. நாளை அங்கே தண்ணீர் லூப்பைப் புரிந்துகொண்டு பராமரிக்க ஆட்கள் வேண்டும்.

சிஸ்டத்தில் காசைக் கரைக்கிறான் என்று திட்டு வாங்கும் பிள்ளைகள் பலர், அரிப்பு ஏன் வருகிறது, ஓட்டம் எவ்வளவு வேண்டும், மூட்டை எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் சொந்தக் காசில், சொந்தக் கையால் கற்றுவைத்திருக்கிறார்கள். நம் ஐ.டி.ஐ.-களில் ஏ.சி. மெக்கானிக் பிரிவு பல காலமாக இருக்கிறது. பாலிடெக்னிக்குகளில் கணினியும் இருக்கிறது, இயந்திரவியலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விழுந்து கிடப்பது இந்தத் திரவக் குளிர்விப்புப் பாடம். ஒரு பம்ப், ஒரு ரேடியேட்டர், ஒரு பழைய கார்டு போதும், ஒரு வகுப்புக்கே சொல்லிக்கொடுக்க. தொழிற்கல்வித் துறை இதைக் கையில் எடுக்க வேண்டும். அதுவரை பெற்றோர்கள் ஒன்று செய்யலாம்: மகனோ மகளோ கேபினட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எதுக்கு?' என்று கேளுங்கள். அவர்கள் விளக்கிச் சொல்லும் விதத்திலேயே அவர்கள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.